நாலு போன், ஒரு குணாளன்

"டேவான் எங்கடா இருக்கு?" என்று குணாளன் கேட்டதும், படுக்கையில் கிடந்த தீபனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவன் கேக்குற கேள்வியாடா இது? லெக்சர் ஹால் லைப்ரரிக்குப் பின்னால. இந்தா, என் போன். ஷரோனோடதும் கேப்ரியலோடதும் பையில போட்டுட்டேன்."

"அவங்களும் வரலையா?"

"தூங்குறாங்க. கையில போன் இல்லாத தூக்கம்தான்டா உண்மையான தூக்கம்."

விஷயம் இதுதான். டாக்டர் தங்கராஜுவின் வகுப்பில் பெயர் கூப்பிடுவதில்லை. விரிவுரை மண்டபத்தின் திரையில் ஒரு கியூ.ஆர். கட்டம் தெரியும். அதைப் போனில் படம் பிடித்தால் வருகை பதிவாகிவிடும். ஆள் யாரென்று திரைக்குத் தெரியுமா, போன் வந்தால் போதும். அதனால் நால்வரும் முறை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் நாலு போனையும் சுமந்து போவது, மற்றவர்கள் தூங்குவது.

குணாளன் தன் முறை வரும்போதெல்லாம் வயிற்றுவலி, பல்வலி என்று நழுவிவிடுவான்; அன்று நால்வருக்கும் பதிவு இல்லை. போன வாரங்களில் கேப்ரியலும் தூங்கிப்போக, நால்வரின் வருகைக் கணக்கும் இடித்தது. இன்னொரு நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. பரீட்சை போனால் ஒரு வருடம் போகும். பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவன் அப்பாவோ, 'அடுத்த வருஷம் பையன் சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேலை' என்று தொழிற்சாலை பஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மண்டபத்தில் ஏழெட்டுத் தலைகள்தான் இருந்தன. மேசைகளில் பரப்பிக் கிடந்த போன்களைப் பார்த்தால் கடை போட்ட மாதிரி இருந்தது. முன்னால் நின்றவர் திரையில் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இவருதான் டாக்டர் தங்கராஜுவா?" என்று பக்கத்தில் மூன்று போனோடு இருந்த லோஷினியிடம் கேட்டான்.

"அப்படித்தான் இருக்கணும். வேற யாரு முன்னால போய் நிக்கப் போறா?"

கட்டம் தெரிந்தது. நாலு போனுக்கும் பதிவு முடிந்தது. குணாளன் நைசாக எழுந்தான்.

"யாரும் எழுந்திருக்கக் கூடாது," என்றார் முன்னால் நின்றவர். "இன்னிக்கு கேள்வி-பதில் உண்டு. போன்ல பதில் சொல்லலன்னா வருகை ரத்து ஆயிடும்னு இதுல போட்டிருக்கு."

அலமாக்! குணாளன் உட்கார்ந்தான். பாடத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூளை வேலை செய்தது. விடைகள் நாலு, போன்கள் நாலு. ஒரு போனுக்கு ஒரு விடை என்று அமுக்கினால் எப்படியும் ஒன்று பிழைக்கும்!

பிழைத்தது. ஆனால் பெரும்பாலான தடவை ஷரோன் போனே பிழைத்தது; மிச்சம் தீபனுக்கும் கேப்ரியலுக்கும் போனது. திரையின் உச்சியில் அவள் பெயர் ஜிகுஜிகுவென்று மின்னியது.

"ஷரோன் யாரு? முன்னால வாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எல்லாருக்கும் சொல்லு."

குணாளன் பாதி எழுந்தான். "டாக்டர், அவங்க... டாய்லெட் போயிருக்காங்க."

"அப்ப ரெண்டாவது. தீபன்?"

"ஷரோனக் காணோம்னு தேடப் போயிருக்கான்."

"மூணாவது, கேப்ரியல்?"

"அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடப் போயிருக்கான்."

"கடைசியில குணாளன்னு ஒருத்தர் இருக்காரு. ஒண்ணுகூட சரியில்ல. அவரும் டாய்லெட்டா?"

"இல்ல டாக்டர். அது நான்தான்."

லோஷினி குனிந்து மேசைக்கு அடியில் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஷரோனின் போன் அலறியது. 'அம்மா' என்று ஒளிர்ந்தது. நிறுத்தப்போனவனின் விரல் தவறி, ஸ்பீக்கரே திறந்துகொண்டது.

"ஷரோன்! சாப்பிட்டியாம்மா?"

"ஆன்ட்டி... ஷரோன் டாய்லெட்ல இருக்காங்க."

"நீ யாருடா? என் பொண்ணு டாய்லெட்ல இருக்குறது உனக்கு எப்படித் தெரியும்? எங்க நிக்கிற நீ?"

"நான் வெளியில... இல்ல ஆன்ட்டி, கிளாஸ்ல..."

"இரு, அவ அப்பாவக் கூட்டிட்டு இப்பவே வர்றேன்!"

போன் அணைந்தது. முன்னால் நின்றவர் படியேறி வந்தார். நாலு போனையும் பார்த்தார். குணாளனைப் பார்த்தார். அதற்குமேல் எதை மறைப்பது?

"டாக்டர், மன்னிச்சிருங்க. பேர அடிச்சிராதீங்க. பரீட்சை எழுத முடியாமப் போயிரும். எங்கப்பா பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. அவர் மொகத்துல எப்படி முழிப்பேன்?" நாலு போனையும் அவர் பக்கம் தள்ளினான். "இனிமே ஒவ்வொரு வாரமும் நானே வந்து முன்வரிசையில உக்காருறேன் டாக்டர்."

அவர் அவன் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு தம்பி. நீ இந்த கிளாஸுக்கு இதுக்கு முந்தி வந்ததே இல்லையா?"

"இல்ல டாக்டர்."

"டாக்டர் தங்கராஜுவ ஒரு தடவகூட பாத்தது இல்ல?"

"சத்தியமா இல்ல. இன்னிக்குத்தான் உங்களப் பாக்குறேன்."

"இந்தப் பொண்ணு?"

லோஷினி தலையைக் கவிழ்த்துக்கொண்டு இல்லையென்று ஆட்டினாள். முன்வரிசைகளிலிருந்து திரும்பிப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராக ஆட்டினார்கள்.

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"அப்பாடா! டாக்டர் மொகம் தெரிஞ்ச ஆளு எவனாச்சும் வந்து உக்காந்துருவானோன்னு, அவருக்குப் பதிலா வந்த நான் காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."