பக் அக்காவும் என் அப்பாவின் இனிஷியலும்

உலகத்தைப் படைத்தவர் அதை வெளியிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வாரம் பக் அக்காவிடம் கொடுத்திருந்தால், இன்றைக்குக் கொசு இருந்திருக்காது, மே மாதம் இருந்திருக்காது, முழங்கால்கள் அறுபது வயதுக்கு மேலும் ஒழுங்காக உழைத்திருக்கும். அக்கா ஞாயிறு தவறாமல் கிழக்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும், "ஆறு நாள்ல முடிச்சிட்டு ஏழாம் நாள் ரெஸ்ட் எடுத்தாரு பாரு, அன்னிக்கு டெஸ்ட்டிங் பண்ணியிருக்கணும்ப்பா" என்பார். சொன்ன கையோடு மேலே பார்த்து, "ஸ்தோத்திரம்" என்று சமாதானமும் செய்துகொள்வார்.

குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். அதில் நான் சீஃப் ஆர்க்கிடெக்ட். இந்தப் பட்டத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. விசிட்டிங் கார்டு அடிக்கிறவர் என்ன போடட்டும் என்று கேட்டார், நான் சொன்னேன், அவ்வளவுதான். அக்கா டெஸ்ட்டர். நாங்கள் எழுதுகிற புரோகிராம்களில் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. தப்புக்கு எங்கள் பாஷையில் பக் என்று பெயர். அக்காவின் சொந்தப் பெயரை நான் அங்கே சேர்ந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், சீக்கிரமே மறந்தும் விட்டேன்.

அதற்கு முன் பதினைந்து வருஷம் அவர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். வேலை மாறினாலும் கை மாறவில்லை. நான் செய்த ஸ்கிரீன்களையெல்லாம் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, மூலையில் பத்துக்கு மார்க் போட்டு என் மேஜையில் வைப்பார். என் லாகின் ஸ்கிரீனுக்கு நாலு மார்க். பக்கத்தில், "கவனம் தேவை" என்று ஒரு குறிப்பு. முப்பத்திரண்டு வயது சீஃப் ஆர்க்கிடெக்டாகிய நான், அதை யாரும் பார்ப்பதற்குள் கீபோர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அக்காவிடம் டெக்னாலஜியைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் கிடைக்கும்.

"அந்தக் காலத்துல கறுப்பு ஸ்கிரீன்ல தப்பா ஏதாவது அடிச்சா, 'தப்பான கட்டளை'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லும். இப்ப பாரு, 'ஊப்ஸ், ஏதோ தப்பாயிடுச்சு'ங்குது. என்ன தப்பு, யாரு பண்ணது, ஒண்ணும் கிடையாது. என் புள்ள பாலைக் கொட்டிட்டுக் கூட ஊப்ஸ்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா முதுகு பழுத்திருக்கும்."

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வருஷம் தெரியாமல் குழம்பிவிடும் என்று ஒரு பயம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அந்தப் புத்தாண்டுக் காலையில் அக்கா பள்ளிக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டு லேபுக்குப் போய், ஒன்பது கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துப் பார்த்திருக்கிறார். எட்டு ஒழுங்காக இருந்தன. ஒன்பதாவது மட்டும் 1980 என்று காட்டியதாம். உலகமே ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியானபோது, தனக்கு மட்டும் ஒன்று ஆனது என்பதில் அவருக்கு இன்றுவரை பெருமை.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. இரண்டு மாடிப் பட்டன்களையும் ஒரே சமயத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தார். நின்றுபோனது. உள்ளே எங்கள் முதலாளியும் இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தபோது முதலாளி வியர்வையில் குளித்திருந்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அலாரம் பட்டன் வேலை செய்யல சார். நல்லவேளை, நாமளே கண்டுபிடிச்சோம்!"

முதலாளி அன்றிலிருந்து மாடிப்படிதான். இளைத்தும் போனார்.

என் கல்யாணத்துக்கு அக்கா ஒரு குக்கரும் ஒரு காகிதமும் கொடுத்தார். காகிதத்தில் பதினான்கு குறைகள், ஆபீசில் பக் எழுதுகிற முறைப்படி எழுதியிருந்தார். 'சாம்பார். எதிர்பார்த்தது: சூடு. நடந்தது: ஆறல்.' 'மைக். எதிர்பார்த்தது: மந்திரம். நடந்தது: ஐயர் தன் டிரைவரிடம் பேசியது.' கடைசியாக, 'மாப்பிள்ளை. எதிர்பார்த்தது: சிரிப்பு. நடந்தது: பரீட்சை ஹால்.' என் மனைவி குக்கரைக் கூட எங்கோ தொலைத்துவிட்டாள். காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவ்வப்போது பதினைந்து, பதினாறு என்று சேர்த்தும் வருகிறாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, சேலையூர்ப் பக்கத்து ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றின் சாஃப்ட்வேர் வேலை வந்து சேர்ந்தது. நோயாளி பெயர், போன் நம்பர், ரிசல்ட், பிரின்ட். சின்ன வேலைதான். சின்ன வேலையில்தான் எனக்கு மேதாவித்தனம் பொங்கும். பெயர்களில் தப்பித் தவறி விழுகிற ஒற்றை எழுத்துகளைத் தானாகவே நீக்குகிற மாதிரி ஒரு வசதி செய்து வைத்தேன். வெளிநாட்டுப் புரோகிராம் ஒன்றைப் பார்த்துச் செய்தது. அங்கே பெயரில் தனியாக ஓர் எழுத்து நின்றால் அது குப்பை. இங்கே அது இனிஷியல். எல்.கே.ஜி. வருகைப் பதிவேடு முதல் கல்யாணப் பத்திரிகை வரை பெயருக்கு முன்னால் எஸ் என்ற எழுத்தோடு வளர்ந்த எனக்கு இது ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தோன்றியது. கே. முருகேசன், எம். முருகேசன் என்று இரண்டு கற்பனை நோயாளிகளை உள்ளே அனுப்பினார். போன் நம்பர் இரண்டு பேருக்கும் ஒன்றே. என் சாஃப்ட்வேர் இனிஷியல்களை விழுங்கிவிட்டு, இரண்டு பேரையும் ஒரே ஆள் ஆக்கி, கடைசியாக வந்த ரிசல்ட்டை அவர் தலையில் கட்டியது. பிரின்ட் என் மேஜைக்கு வந்தது. ஒன்றரை மார்க்.

"அக்கா, ஒரே பேரு, ஒரே போன் நம்பர், ஒரே நாள்ல ரெண்டு பேர் வரணும். நடக்கவே நடக்காது."

"நடக்காததைத்தான்ப்பா நான் தேடுறேன். நடக்கிறதை நீயே பாத்துடுவியே. நீ அழிக்கிறியே ஒத்தை எழுத்து, அது என்னன்னு நினைச்சே? அந்த ஆளோட அப்பா அது."

வெள்ளிக்கிழமை டெலிவரி. எங்கள் கம்பெனி வழக்கப்படி, பக்கைக் கண்டுபிடித்தவர்தான், தீர்ந்தது என்று எழுதி அதை மூட வேண்டும். அக்கா மூட மறுத்தார். நான் முதலாளியிடம் போய்க் குழைந்து, 'அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அந்தப் பிரின்ட்டிலேயே எழுதி வாங்கிவிட்டேன். அக்கா அதற்குக் கீழே சிவப்பில் எழுதினார்: 'அதுவரைக்கும் ஒரே பேர் உள்ளவங்க யாரும் உடம்பு சரியில்லாம போகக் கூடாது.' நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவர் காகிதத்தை மடித்துத் தன் தோள்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து என் அப்பா அந்த லேபுக்குப் போனார். சும்மா வருஷாந்திரப் பரிசோதனை. மகன் செய்த சாஃப்ட்வேர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிஜக் காரணம். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அம்மா உப்பு டப்பாவை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டாள். மறுநாள் காலை அப்பா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் மோட்டாரைக் காட்டினார்.

"ஸ்விட்ச் போட்டதும் ஓடாது. இந்த இடத்துல கையால ஒரு தட்டு தட்டணும். அம்மாவுக்கு இது வராது. நீ கத்துக்கோ."

நான் தட்டினேன். ஓடியது. அவர், "அவ்ளோதான்" என்றார்.

இவ்வளவு நடந்தும் அந்தக் காகிதத்தை நான் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவேன்? அந்தப் பிரின்ட்டை வடிவமைத்தவன் நான். கட்டங்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

ஆபீசுக்கு லீவு சொல்லப் போனபோது அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பா பேரு?"

"டி. செல்வராஜ்."

"ரிப்போர்ட்ல டி இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெறும் செல்வராஜ். அக்கா, 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வண்டியை எடு" என்றார்.

லேபில் இருந்த பெண் எங்கள் கண்ணெதிரே கம்ப்யூட்டரில் தேடினாள். "ஒரே ஒரு செல்வராஜ்தான் சார் கீறாரு."

"போன் நம்பர் என்ன போட்டிருக்கு?" என்றார் அக்கா.

"எங்க லேப் நம்பருதான்க்கா. நம்பர் போடாட்டி உள்ளவே வுட மாட்டேங்குது. வயசானவங்க நெறைய பேரு நம்பர் சொல்ல மாட்டேன்றாங்கோ. அவங்களுக்கெல்லாம் எங்க நம்பரையே போட்டுக்கினு கீறேன்."

நம்பரைக் கட்டாயம் ஆக்கியது நான். யாருக்கும் நம்பர் கொடுக்காதே, ஏமாற்றிவிடுவார்கள் என்று அப்பாவை மிரட்டி வைத்ததும் நான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று பெருமைப்பட்டவனும் நானே.

அப்போது அந்தப் பெண் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தாள். "இருங்க, இந்த அக்கா குடுத்த நோட்டுல பாக்கறேன்."

டெலிவரிக்குப் போன அன்றே அக்கா அதை வாங்கிக் கொடுத்திருக்கிறார். 'எங்க ஆளு பண்ணது. எதுக்கும் பேரையும் ஊரையும் கையால எழுதி வை' என்று சொல்லியிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் டி. செல்வராஜுக்கு நாலு வரி கீழே, எம். செல்வராஜ், கோவிலம்பாக்கம். அவருக்கு மத்தியானமே ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் இருந்தது என் அப்பாவின் ரிசல்ட். அதன் பிறகு ஏறிய அவருடைய ரிசல்ட்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல!"

"சரிப்பா. அந்த மனுஷனுக்கு இருக்குதே. ஒண்ணும் இல்லைன்னு நெனச்சிக்கிட்டு ஊறுகாய் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரே."

என் சிரிப்பு அங்கேயே நின்றது.

நம்பர் இல்லை, தெரு இல்லை. கோவிலம்பாக்கம் என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினோம். மளிகைக் கடை, அயர்ன் வண்டி, ஆட்டோ ஸ்டாண்ட் என்று ஒவ்வொரு இடமாக நின்று விசாரித்தோம்.

"எந்த செல்வராஜு?" என்றார் ஆட்டோக்காரர். "லாரி செல்வராஜா, பால் செல்வராஜா, வாத்தியாரா? இன்னா பேஜாரா போச்சு, முழுப் பேரு தெரியாமயா தேடிக்கினு வந்தீங்கோ?"

அந்த ஒரு மத்தியானத்தில் நாங்கள் நாலு செல்வராஜ்களைப் பார்த்தோம். நாலு பேருமே நல்ல ஆரோக்கியம். நடக்கவே நடக்காது என்று நான் சொன்னது ஒவ்வொரு வாசலிலும் என்னை உதைத்தது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவைக் காட்டினார்.

ஐந்தாவது ஆள் எம். செல்வராஜ். கால்கள் வீங்கியிருந்தன. நாற்காலியில் சாய்ந்து, மடியில் சிப்ஸ் பாக்கெட்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட் நல்லா வந்துச்சேம்மா, எல்லாம் நார்மலுன்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்றார். அவர் மகள் எங்களையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் ஆட்டோ வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னதாகப் பிறகு தெரிந்தது. இப்போது மருந்தும் பத்தியமுமாக நன்றாக இருக்கிறார்.

மறுநாள் லேப்காரர் எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார். சத்தம் பாத்திரக் கடைக்குக் கேட்டிருக்கும். "இதைப் பண்ணது யாரு? அந்த ஆளு இங்க இருக்கக் கூடாது" என்றார். முதலாளி தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்கடன், ஒரு வயதுக் குழந்தை, எல்லாம் அந்தச் சுவரில் ஓடியது.

அக்கா எழுந்தார். "டெஸ்ட் பண்ணி அனுப்பினது நான் சார். என் கையைத் தாண்டித்தான் வெளிய போச்சு. என் தப்பு."

ஒன்றரை மார்க் போட்ட அந்தக் காகிதம் அவர் தோள்பையில்தான் இருந்தது. முந்தின நாள் லேபில் பேனா தேடியபோது நானே பார்த்தேன். அதை எடுத்துக் காட்டியிருந்தால் போதும். அவர் பையைத் தொடக்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் திறந்தேன். "அக்கா அன்னிக்கே சொன்னாங்க சார். கேக்காம அனுப்பினது நான்தான்" என்றேன். லேப்காரர் திட்டித் தீர்த்தார். வேலை பிழைத்தது, சீஃப் ஆர்க்கிடெக்ட் பிழைக்கவில்லை. அந்த விசிட்டிங் கார்டுகளை நானே கிழித்துப் போட்டேன்.

மாடிப்படியில் அக்காவைப் பிடித்துக் கேட்டேன். "எதுக்குக்கா உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"நான் இன்னும் கொஞ்சம் சத்தமா சண்டை போட்டிருக்கணும்ப்பா" என்றார். "நீ அப்படிச் சிரிச்சியா, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. விட்டுட்டேன். அப்பா இப்ப சாப்பிடுறாரா?"

நான் எழுதிய ஒரு வரியைக் கூட அக்கா ஒருநாளும் நம்பியதில்லை. என்மேல் மட்டும் எங்கிருந்து அப்படி ஒரு பிரியம் வைத்தார் என்று, அதற்குத் தகுதியாக என்னிடம் எதையும் கண்டுபிடிக்க முடியாமல், நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.