பெனடிக்ற்றின் உல்லாசப் பயணம்

"அப்ப, எந்தத் தீவிலை இறங்கி மாறுறியள்?" என்று சவிரிமுத்து கேட்டதும் பெனடிக்ற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லண்டன் லூயிஷாமில் ஞாயிற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோதுதான் இந்த விசாரணை. அவர் செய்த குற்றம் என்ன? கரீபியன் கடலில், ஆள் அரவமில்லாத சின்னச் சின்னத் தீவுகளுக்கிடையே ஒரு கிழமை பாய்ப்படகில் போகப்போவதாக வாய்விட்டுச் சொன்னதுதான். இத்தனை வருடம் கவுன்சில் கந்தோரில் முதுகொடிந்த மனிதர், மனைவி இம்மாகுலேற்றோடு முதன்முதலாக ஒரு விடுமுறை போகக்கூடாதா? பயணத்தை ஒழுங்குசெய்த மனோர் பார்க்கில் ரிக்கற் கடை வைத்திருக்கும் கனகலிங்கம் எவ்வளவு ஆசையாக வைக்கோல் தொப்பி, பூப்போட்ட சட்டை, கழுத்தில் தொங்கவிட ஒரு கமரா என்று அன்பளிப்பே கொடுத்திருந்தார்! ஆனால் எண்பத்தொன்பதாம் ஆண்டு லண்டனில் ஒரு தமிழன் சின்னப் படகில் ஏறப்போகிறேன் என்றால் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். களவாகக் கனடா.

"மாறுறதோ? நான் தீவு பாக்கப் போறன்."

"ஓம், ஓம். கேட்டால் அப்பிடித்தான் சொல்ல வேணும்," என்று சவிரிமுத்து கண்ணைச் சிமிட்டினார்.

என்ன அநியாயம்! பெனடிக்ற் முறையாக விசா எடுத்து, படிக்கவென்று வந்து இறங்கியவர். களவாக எல்லை தாண்டுகிற ஆட்களோடு அவரைச் சேர்த்துப் பேசினால் பொறுப்பாரா? அடுத்த ஞாயிறு ரிட்டேன் ரிக்கற்றைக் கொண்டுவந்து எல்லோர் முகத்துக்கு நேரேயும் நீட்டினார். ரிட்டேன் ரிக்கற் இல்லாமல் எவன் இறங்க விடுவான், இங்கே நிற்கிற முக்கால்வாசிப் பேர் ரிட்டேன் ரிக்கற்றோடு வந்தவர்கள்தானே என்று சனம் அவருக்கே பாடம் எடுத்தது. தீவுகளின் படங்களைக் காட்டினார். வெள்ளை மணல், தென்னை, ஒரு காக்காய்கூட இல்லை. பொலிஸும் இல்லை, நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறார் என்று பாராட்டினார்கள்.

கொதித்துப்போய்த் தன் பிரிட்டிஷ் பாஸ்போட்டையே எடுத்து விரித்தார். அதுதான் வினையாயிற்று. பிரிட்டிஷ் பாஸ்போட் வைத்திருப்பவன் ஏன் ஓடவேண்டும்? அப்படியானால் இவர் ஓடவில்லை, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார். அன்று பின்னேரமே, அதே கோயிலுக்கு வரும் பிலோமினம்மா, மகனின் பாஸ்போட் படங்களும் ஒரு பெட்டி மீன் கட்லற்றுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, என்ரை பெடியன் சத்தம் போடமாட்டான். படகிலை ஒரு மூலை தந்தால் காணும்."

அவரை அனுப்பிக் கதவைச் சாத்துவதற்குள் இம்மாகுலேற் அழத் தொடங்கிவிட்டாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து பாவத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி பாதர் வேறு ஆள் அனுப்பியிருந்தாராம்.

"இஞ்சாருங்கோ, எங்களுக்குப் படகும் வேண்டாம், தீவும் வேண்டாம். நாளைக்கு நான் இந்தச் சனத்தின்ரை முகத்திலை முழிக்க வேணும்."

போயிற்று. ஆசை ஆசையாகக் காத்திருந்த கடல் கட்லற்றோடு போயிற்று. நேர்மையாக ஊர் சுற்றப் போகிறவனை நம்புவதற்கு இந்த லண்டனில் ஒரு தமிழன் இல்லையா? பெனடிக்ற் ரயிலேறி மனோர் பார்க்கில் கனகலிங்கத்தின் கடைக்குப் போய், தொப்பி, சட்டை, கமரா எல்லாவற்றையும் மேசையில் போட்டார்.

"என்னை ஆள் கடத்திறவன் எண்டு சனம் கதைக்குது. எனக்கு இந்தப் பயணமே வேண்டாம்."

கனகலிங்கத்தின் முகம் வெளிறிப்போயிற்று. எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். தொப்பியை எடுத்துத் தட்டி, மெதுவாகப் பெனடிக்ற்றின் தலையிலேயே திருப்பி வைத்தார்.

"கான்சல் பண்ணிப்போடாதேங்கோ, அண்ணை. உண்மையான உல்லாசப் பயணி ஒருத்தர் முன்னுக்கு நடக்காட்டில், அந்தப் படகிலை கனடாவுக்குப் போற மற்ற எட்டுப் பேரையும் ஆர் நம்புவான்?"