கடலுக்கடியில் அரை மணி நேரம்

விஆர் கண்ணாடி மூன்றாவது முறையாக மகளின் மூக்கிலிருந்து வழுக்கி வாயை மூடியபோது, தையல்காரர் அதைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"இது பெரியவங்க தலைக்குச் செஞ்ச மாதிரி இருக்கே சார்" என்றார்.

"குழந்தைங்களுக்குள்ளதுதான். பாப்பாவுக்குத் தலை கொஞ்சம் சின்னது" என்றார் கண்ணாடியைக் கொண்டுவந்த டெக்னீஷியன். பிடித்துக்கொண்டால் நிற்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மகளுக்கு ஏழு வயது. வலது முழங்கைக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. மரத்துப்போகிற ஊசி போட்டு, குழந்தை விழித்திருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டால் எதிரே கடல் விரியும், மீன் நீந்தும், குழந்தை கத்தியை மறந்துவிடும். ஆனால் கையை அசைத்தால் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் முழு மயக்கம்தான். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அதில் கொஞ்சம் ஆபத்து உண்டு என்று அச்சடித்தே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் 'கொஞ்சம்' மூன்று நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் மனைவியிடம் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இத்தனைக்கும் மனிதர் இருபது வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர். விரலில் ஊசி ஏறாத நாள் கிடையாது. ஆனால் தன் விரல் வேறு, பெற்ற பிள்ளையின் கை வேறு.

கைக்குட்டையை மடித்து, கண்ணாடிக்கும் நெற்றிக்கும் நடுவில் சொருகிப் பார்த்தார். மகளுக்குத் தும்மல் வந்தது. எடுத்துவிட்டு, தலையைச் சுற்றும் பட்டையில் ஒரு முடிச்சுப் போட்டார். அது பின்மண்டையில் குத்தியது.

"வலிக்குதுப்பா."

அந்தச் சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசிநூலையும் குட்டிக் கத்தரியையும் எடுத்தார். முடிச்சை அவிழ்த்து, கூடுதலாக இருந்த பட்டையை வெட்டும்போது நடுவில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. விறைப்புக்காக உள்ளே இழை கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து, அழுத்தி வெட்டினார். இரண்டு முனைகளையும் சேர்த்து இரட்டைத் தையல் போட்டார். கண்ணாடி அளவெடுத்துத் தைத்த மாதிரி மகளின் தலையில் உட்கார்ந்தது. அன்றைக்கு முதல் முறையாக அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அது ஆபரேஷன் தியேட்டரின் கதவு வரைக்கும்தான் தாங்கியது. உள்ளே எலும்பு வரைக்கும் குளிர். மகளை மேசையில் படுக்க வைத்து, நர்ஸ் கண்ணாடியை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். மகள் நர்ஸைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். நர்ஸ் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருகிறதோ என்னவோ என்று, இருக்கிற கவலை போதாதென்று தையல்காரர் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

"என்ன கண்ணு தெரியுது?"

மகள் இடது கையால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கடல்ப்பா."

"மீன் இருக்கா? என்ன கலரு?"

"நிறைய கலரு. நீ கிட்ட வந்து நில்லுப்பா."

டாக்டர் ஊசியை எடுத்தார். மகளின் கால்விரல்கள் பத்தும் சுருண்டன. கை மட்டும் அசையவில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"சுறாப்பா. பெருசா ஒண்ணு கிட்ட வந்துச்சு."

தையல்காரர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், குழந்தைங்க பாக்குற படத்துல சுறாவ எதுக்கு வச்சாங்க? வேற படம் போடுங்க."

"வேணாம் சார். பாப்பாவுக்கு இதுவே போதும்."

"பயந்து கைய இழுத்துட்டான்னா?"

"சார்," என்றார் டாக்டர், தலை நிமிராமல். "இந்த ரூம்ல இப்ப ஆடிட்டிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

உண்மைதான். அவர் கை வைத்திருந்த கருவித் தட்டு கடகடவென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று கையை எடுத்தார். எடுத்த வேகத்தில் முழங்கை பட்டு ஒரு கிண்ணம் தரையில் உருண்டது. அதைப் பொறுக்கக் குனிந்து நிமிர்ந்தவர், பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டார். ரத்தம். இரண்டு காதும் அடைத்தன.

"இவரு விழுந்தா நான் நிறுத்த வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

நிறுத்தினால் முழு மயக்கம். அதுவும் தன்னால். நர்ஸ் ஒரு முக்காலியைத் தள்ளி அவரை உட்கார வைத்தார்.

"அப்பா, கண்ண மூடிக்கோ. நான் சொல்றேன், நீ கேளு." மகளின் இடது கை அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "ரெண்டு ஆமை வருது. பெரிய ஆமைக்கு நீந்த பயம். சின்னது அது முதுகுல ஏறி வழி சொல்லுது."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆமைகளின் பின்னாலேயே போனார். நடுவில் இன்னும் இரண்டு சுறா வந்தது. ஒவ்வொரு தடவையும் மகளின் பிடி இறுகியது. "போயிருச்சுப்பா, போயிருச்சு" என்று அவளே சமாதானமும் சொன்னாள். அவளுடைய கை சில்லிட்டிருந்தது. தியேட்டர் குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது" என்றார் டாக்டர். "வெறும் கொழுப்புக் கட்டிதான். பாப்பா கைய நூலளவுகூட அசைக்கல."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் வாய் நிற்கவில்லை. "என்னமா கண்டுபிடிச்சிருக்காங்க டாக்டர். கத்தி பட்டதே பிள்ளைக்குத் தெரியல. இத எல்லா ஆஸ்பத்திரியிலயும் வைக்கணும்."

கண்ணாடியை எடுத்துப்போக வந்த டெக்னீஷியன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தையல் யாரு போட்டது?"

"நான்தான் சார். ஆயுசுக்கும் பிரியாது" என்றார் தையல்காரர் பெருமையாக.

"பேட்டரியிலேர்ந்து வர்ற ஒயர் இதுக்குள்ளதானே போகுது. அதையும் சேர்த்து வெட்டியிருக்கீங்க. இதுல படமே வந்திருக்காதே. சிஸ்டர், நீங்க கவனிக்கலையா?"

நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"மாட்டினதுமே பாப்பா என் காதுல சொல்லிடுச்சு சார், 'ஒரே இருட்டா இருக்கு சிஸ்டர், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவரு பயந்துடுவாரு'ன்னு."