தானே சுத்தமாகும் மீன் தொட்டி

ஆவடி,
14.6.1992

மதிப்பிற்குரிய அண்ணன் கஜபதிக்கு, தங்கை லோகநாயகி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மீன்கள் மட்டும்தான் சௌக்கியம்.

பொங்கலுக்கு உங்கள் மாப்பிள்ளை குவார்ட்டர்ஸ் ஹாலில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி செய்தாரே, ஃபேக்டரி வேலை மாதிரி பிளான் வரைந்து, அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, "லோகா, நீ கையே வைக்க வேணாம், குழாயைத் திறந்தா அழுக்கு தானா போயிடும், வாரம் பத்து நிமிஷம்தான்" என்றார். முதல் ஞாயிற்றுக்கிழமையே, ஜன்னல் வழியாக இறக்கிய ரப்பர் டியூப் திரும்பிக்கொண்டு கீழ்வீட்டு ஜன்னலுக்குள் கொட்ட, பஞ்சவர்ணம் மாடியேறி வந்து, "இன்னாக்கா இது, உங்க ஊட்டு மீனு எங்க ஊட்டு தலகாணி மேல துள்ளிகினு கீது!" என்று டம்ளரை நீட்டினாள். உள்ளே இரண்டு மீன். உடனே இவர் ஓட்டைக்கு வலை போட்டார், வலையில் அழுக்கு அடைக்கிறது, அதைத் துடைப்பக்குச்சியால் குத்துவது நான். குழாய்த் தண்ணீரை மருந்து வாடை போக ஒரு நாள் டிரம்மில் வைக்க வேண்டுமாம், பிடித்து வைப்பதும் நான். போன செவ்வாய் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை, காற்று மோட்டார் நின்றுவிட்டது, இவர் ஷிஃப்டில். தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை. என் வலது கையைத்தான் இன்னும் தூக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். அதன்பின் குடிபோகும் பாரிவாக்கத்து வீட்டுக்குப் பத்தடித் தொட்டிக்கு பிளான் தயார். அதில் வேலை இன்னும் குறைவாம்! நீங்கள் சொன்னால்தான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வந்து கண்டிப்பாகப் பேசுங்கள். இல்லையென்றால் பெட்டியோடு ராணிப்பேட்டைக்கு வந்துவிடுவேன், எனக்கு முடியலண்ணா.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

தங்கை,
லோகநாயகி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், பெரிய தொட்டிக்கு யோசனை கேட்க இவர் வளர்ப்பு மீன் வியாபாரி வேம்புலியைக் கூட்டி வந்தார். அவர் தொட்டி முன்னால் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, "இருவது வருசமா மீன் விக்கிறேன் சார், ஒரு ஊட்லகூட இப்டி ஷோக்கா பாத்ததில்ல. யாரு பாத்துக்கிறது?" என்றார். இவர் என்னைக் காட்டி, "அவங்கதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அண்ணா. பத்தடி பிளானைப் பார்த்தேன், குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது. அழித்துவிட்டு, குனியாமல் திறக்கிற மாதிரி என் இடுப்பு உயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறேன்.