அட்டைப்பெட்டியைக் காத்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் வேலாயுதம் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தார். முள்ளம்பன்றிக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டவரை 'வந்தது, போனது' என்று சொன்னால் பெண் வீட்டார் மனம் நோகும்.

அந்தப் பெண் வீட்டார் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாமியார் பெரியநாயகி அம்மாள் ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு பெண்களையும் ஒரே பந்தலில் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளைகளுக்குச் சீராக ஆளுக்கொரு டிவி கொடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே அளவு. மூத்த மாப்பிள்ளை, அதாவது வேலாயுதத்தின் சகலை சடையப்பன், டிவியை வெளியே எடுத்த அன்றே அட்டைப்பெட்டியைக் கழுதைக்குத் தின்னக் கொடுத்துவிட்டார். வேலாயுதம் அப்படிப்பட்டவர் இல்லை. பெட்டி, அதற்குள் இருந்த இரண்டு தெர்மாகோல், வாரண்டி அட்டை, ரிமோட் வந்த பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் வளையின் பரணில் ஏற்றிவைத்தார். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது டிவியைத் துடைக்க மறந்தாலும் பெட்டியைத் துடைக்க மறக்கமாட்டார்.

இந்த நேரத்தில் யானைகள் தங்கள் பாதையை அகலப்படுத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டின. பாதையோரத்து வளைகளை அமாவாசைக்குள் காலி செய்ய வேண்டும். மூன்று பிரதியில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் மேட்டுக்காட்டில் மாற்று வளை. சகலைகள் இருவருக்கும் அங்கேயும் பக்கத்துப் பக்கத்து வளை கிடைத்தது. அதுவரை சரி. பால் காய்ச்சும் நாளில் மாமியார் நேரில் வருவதாகச் சொல்லியனுப்பியதும்தான் வேலாயுதத்துக்குத் தூக்கம் போனது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் வருவது இதுதான் முதல் தடவை. வந்ததும் தான் கொடுத்த டிவியைத்தான் பார்ப்பார். அதில் ஒரு கீறல் இருந்தாலும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்.

சடையப்பன் நிதானமாக மூட்டை கட்டினார். எந்த ஒயர் எந்த ஓட்டையில் என்று முதலில் போட்டோ எடுத்துக்கொண்டார். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றினார். ஸ்டாண்டின் திருகாணிகளைச் சின்னக் கவரில் போட்டு டிவியின் முதுகிலேயே ஒட்டினார். பிறகு கம்பளியைச் சுற்றி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் செருகினார்.

வேலாயுதம் இதை வேலி வழியாகப் பார்த்துச் சிரித்தார். நம்மிடம் பெட்டியே இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு? பரணிலிருந்து அதை இறக்கினார். மூன்று வருஷமாகியும் ஒரு முனைகூட மடங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது. எருமை வண்டியில் ஏற்றினால் பெட்டி கசங்காதா?

மனைவி தேன்மொழிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ஏங்க, டிவியை வைக்கத்தானே பெட்டி?"

"இந்தத் தடவை வச்சுட்டா, அடுத்த தடவை வீடு மாத்தும்போது நல்ல பெட்டிக்கு எங்க போறது?" என்றார் வேலாயுதம்.

ஆகவே வீட்டிலிருந்த இரண்டு ரஜாய்களும் பெட்டிக்குப் போயின. அதன்மேல் கோணி, கோணிமேல் கயிறு, நாலு பக்கமும் 'உடையும் பொருள்' என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்ததென்னவோ தெர்மாகோலும் காற்றும்தான். டிவியை ஒரு பழைய போர்வையில் சுற்றி வண்டியில் வைத்து, அது நகராதபடி தன் முதுகாலேயே முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டார் வேலாயுதம். இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று தேன்மொழியிடம் கேட்கவும் செய்தார்.

காய்ந்த ஓடையில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. எதிரே இருந்த பெட்டி ஒருபுறம் சரிந்தது. ஐயோ பெட்டி என்று வேலாயுதம் பதறினார். முள்ளம்பன்றி பதறினால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். உடம்பில் இருந்த முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் சிலிர்த்து எழுந்தது. முதுகுக்குப் பின்னால் படபடவென்று சத்தம் கேட்டது.

மேட்டுக்காட்டில் போர்வையைப் பிரித்தபோது டிவி சல்லடையாக இருந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலாயுதம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மாமியார் வந்ததும் காலில் விழுந்து நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் தேன்மொழி தன் அம்மாவை அறிந்தவள். பேசாமல் டிவியைத் தூக்கித் தெர்மாகோலுக்கு நடுவில் இறக்கினாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. ரிமோட்டை அதன் பழைய உறையில் போட்டாள். மேலே டேப்பை இழுத்து ஒட்டினாள்.

"நீங்க வாயைத் திறக்காதீங்க. பெட்டியையும் திறக்காதீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பெரியநாயகி அம்மாள் முதலில் மூத்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். அங்கே டிவி சுவரில் மாட்டி, ஒயரெல்லாம் அதனதன் இடத்தில் செருகி, அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் அருகில் போய் ஓரத்தை விரலால் தடவினார். தூசி. ரிமோட்டில் எண்களெல்லாம் தேய்ந்து அழிந்திருந்தன. கொடுத்த பொருளை இப்படியா பாழாக்குவது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, காய்ச்சிய பாலைக்கூடக் குடிக்காமல் அடுத்த வளைக்கு வந்தார்.

இங்கே நடுக்கூடத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து, அந்தப் பெட்டி இருந்தது. மாமியார் அதைச் சுற்றி வந்தார். நாலு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். வேலாயுதத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்பிள்ளை" என்றார் மாமியார், கண் கலங்கி. "மூணு வருஷமா பிரிக்கவே இல்லையா?"

வேலாயுதம் மனைவி சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. என்ன அடக்கம் என்று மாமியாருக்கு இன்னும் உச்சி குளிர்ந்தது. கொடுத்த பொருளின் அருமை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று வாயாரச் சொன்னார். இரண்டு மாப்பிள்ளைகளில் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்காமல் கொண்டுவந்திருந்த புது ஃபிரிட்ஜைப் பெட்டியோடு இங்கேயே இறக்கச் சொன்னார். இதையும் அதேபோல் வைத்திருங்கள், வருஷா வருஷம் வந்து பார்க்கிறேன் என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

அன்று முதல் வேலாயுதமும் தேன்மொழியும் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாலையானால் டிவி பார்க்கச் சடையப்பன் வீட்டுக்குப் போகிறார்கள். சடையப்பன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் வாசல்வரை கூடவே வந்து, மெல்லிய குரலில் கேட்டார்: "சகலை, உங்ககிட்ட காலிப் பெட்டி ஏதாவது இருக்கா?"

நீதி: வீடு மாற்றும்போது பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதை எந்த மாமியாரும் பார்ப்பதில்லை.