பஸ்ஸைக் கிளப்பிவிட்ட கை

மதிப்பிற்குரிய பெரிய மச்சானுக்கு,

தங்கை கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. அங்கே நீங்களும், நேற்று பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும் உங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் ஊர் உங்களுக்குப் புதிதல்ல. இரும்பாலைச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது, மீதிப் பேருக்குக் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது, அதனால் ஊரே கையால்தான் பேசுகிறது. டீக்கடையில் கட்டைவிரலைக் கீழே காட்டினால் சர்க்கரையைக் குறைப்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே புரிந்துவிடும். அதிலும் நான் கிரேனுக்குச் சைகை காட்டியவன். என் கை அசையாமல் அங்கே ஒரு துண்டு இரும்பு அசைந்ததில்லை. எனக்கு ஓய்வு கொடுத்தார்கள், சரி, கைக்கு யார் கொடுத்தது? அவள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால் எதிரே நின்று ‘மெதுவா, மெதுவா, நிறுத்து’ என்று காட்டினேன். நல்லதுக்குத்தானே? பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு பீரோ ஏற்றும்போதும் காட்டினேன். பீரோ படிக்கட்டில் சிக்கி, அவர் மாமியார் இறங்கி வர வழியில்லாமல் ஒரு பகல் முழுக்க மாடியிலேயே கிடந்தார். வீட்டுக்காரர் எனக்கு ரகசியமாக நன்றி சொன்னார், உங்கள் தங்கைதான் திட்டினாள். சலூனில் கை சும்மா ஆடியதை முடிவெட்டுபவர் ‘இன்னும் இறக்கு’ என்று எடுத்துக்கொண்டு, அவரும் பழைய ஆலைக்காரர்தான், எனக்கு மொட்டையே போட்டுவிட்டார். இதெல்லாம் போகட்டும். போன வாரம் அவள் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏம்மா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் கை முந்திக்கொண்டு ‘நிறுத்து’ என்று காட்டிவிட்டது. “நான் என்ன இரும்பா?” என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள், நேற்று பெட்டியைக் கட்டினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓட்டுநர் யார் தெரியுமா, என் பழைய கிரேன்காரன். எப்போதும் உயரத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கழுகு என்று கூப்பிடுவோம். பஸ் முன்னால் நின்று கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லத்தான் தூக்கினேன், பதற்றத்தில் விரல் சுழன்றிருக்க வேண்டும். சுழற்றினால் ‘தூக்கு’, அதாவது கிளப்பு என்று அர்த்தம். கழுகு என் கையை ஒருநாளும் மீறியவன் இல்லை. பஸ்ஸை என்னைச் சுற்றி வளைத்துக் கிளப்பிவிட்டான். பெண்டாட்டியை நானே ஏற்றி அனுப்பிவிட்டேன், மச்சான். இது கை செய்த தப்பு, மனசு செய்ததல்ல என்று அவளுக்குப் பக்குவமாகச் சொல்லி, நாளைக்கே பஸ் ஏற்றிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, கையைத் தூக்காமல் வாயால் மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கழுகே வந்துவிட்டான். குடியைக் கெடுத்தாயே என்று பிடித்துக்கொண்டேன். “அண்ணே, நீங்க நிறுத்துன்னுதான் காட்டுனீங்க, சுத்தமாப் புரிஞ்சுது. எஞ்சினை அணைக்கப் போனேன். அண்ணிதான், ‘இத்தனை வருஷம் அவரு கையப் பாத்தாச்சு, நீ எடுப்பா’ன்னாங்க” என்றான். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அவளை அனுப்ப வேண்டாம். நான் அங்கே வரலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.