அப்படியே அண்ணாவின் பாஸ்வேர்ட்

சொன்ன பேச்சைக் கேட்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அப்படியே அண்ணாவைப் போலக் கேட்பவர் திருவனந்தபுரத்தில் மட்டுமல்ல, ஈரேழு லோகத்திலும் கிடையாது.

இரண்டாயிரத்தின் ஆரம்பம். மாடியறை ஒன்றில் நடந்த இணையதளக் கம்பெனியில், வலியசாலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நான் புதுசு. கரமனைக்காரரான அண்ணா, தளங்களுக்கு டேட்டாபேஸ் அமைப்பவர். என்ன சொன்னாலும் "அப்படியே" என்பார். அப்படியே செய்தும் விடுவார். 'டேட்டாபேஸின் பெயரை இங்கே எழுதவும்' என்று கையேட்டில் ஆங்கிலத்தில் போட்டிருந்தால், அந்த வாக்கியத்தையே பெயராக வைத்துவிடுவார். தளம் என்னவோ ஜோராகத்தான் ஓடும்.

ஒருநாள் வேலை மும்முரத்தில், "யார் போன் பண்ணினாலும் நான் உயிரோட இல்லேன்னு சொல்லிடுங்கோ" என்று சொல்லித் தொலைத்தேன். பண்ணியது என் அம்மா. அப்புறம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

எங்கள் முதலாளி மலையாளி. லீவு கேட்டாலும் சரி, புது நாற்காலி கேட்டாலும் சரி, 'பின்னே பறயாம்' என்பார். பிறகு சொல்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பிறகு வந்ததே இல்லை.

நான் முதன்முதலாகத் தனியாகச் செய்தது ஓர் ஆயுர்வேத வைத்தியசாலையின் தளம். சொதப்பினால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதை மட்டும் உடனே சொன்னார். பதினொரு மணிக்குத் திறப்பு. பத்தரைக்கு, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்த கோப்பை நானே அழித்துவிட்டேன். திரையெல்லாம் வெள்ளை. பாஸ்வேர்ட் அண்ணாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ மருமாள், அதாவது உடன்பிறந்தாள் பெண், கல்யாணத்தில் இருந்தார்.

போனில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

"அண்ணா, பாஸ்வேர்ட் என்ன?"

"பின்னே பறயாம்."

"பின்னே இல்லேண்ணா, இப்பவே வேணும்."

"இப்பவேதானே சொல்றேன், கேட்டியா? பின்னே பறயாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க நேர்ல வந்தாத்தான் நான் பொழைப்பேன்" என்றேன்.

"நடுவிலே இடம் விடப்படாது. எல்லாம் சின்ன எழுத்து" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன பாஸ்வேர்ட் வைக்கட்டும் என்று அண்ணா கேட்டபோது, முதலாளி வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறார். அண்ணா அப்படியே வைத்திருக்கிறார்!

இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். தளம் உயிர் பெற்றது. பதினொன்றுக்கு வைத்தியர் பொத்தானை அமுக்க, எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டார்.

"பின்னே பறயாம், சார்" என்றேன். அவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எல்லோரும் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தபோது அண்ணா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். பட்டு வேஷ்டி, நெற்றியில் சந்தனம், வியர்வை. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கும் தாய்மாமா இவர்தான்.

"தூக்கி இறக்கின கையோட ஆட்டோ ஏறிட்டேன்" என்றார்.

"ஏண்ணா? தளம் அப்பவே சரியாயிடுத்தே."

"நேர்ல வந்தாத்தான் பொழைப்பேன்னு சொன்னியே."

முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, போங்கோ என்று மட்டும் சொன்னேன். "அப்படியே" என்று உட்காராமல்கூடத் திரும்பி இறங்கிப் போனார்.

அண்ணா, உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நானும் பின்னே பறயாம் என்று இருந்துவிட்டேன்.